ஒன்பது பேருக்கு ஒரு மிட்டாய்

(இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் சிறு ஆய்வு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரும்படி மன்றச் செயலர் கேட்டபோது நண்பர்கள் சூரிய ஆற்றல், மின்சாரக் கார், ரோபோ என்று பெரிய பெரிய தலைப்பாக எடுத்துக்கொண்டார்கள். நான் மிட்டாய் என்றேன். "ஏண்டா, வேற ஒண்ணும் கிடைக்கலியா?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். இந்த மிட்டாய் எங்கள் குடும்பத்தில் 58,300 ரூபாயை விழுங்கிய மிட்டாய். அதற்கு முதல் கணக்கைப் போட்டுக் கொடுத்தவனே நான்தான். அந்தத் தப்புக் கணக்கை இங்கே திருத்தி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேப்பந்தட்டைப் பக்கம். அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர். அம்மா வீட்டுத் திண்ணையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே. அதனால் ரேஷன் கார்டு விண்ணப்பம் முதல் கல்யாண மொய்க் கணக்கு வரை எல்லாம் என்னிடம்தான் வரும். அப்படித்தான் 2024 செப்டம்பரில் மாமாவும் வந்தார்.

மாமா ஷார்ஜாவில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். இனிப் போவதில்லை, ஊரோடு ஏதாவது தொழில் செய்வோம் என்று இருந்தார். வெளியூர் வியாபாரி ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டில் இருந்து இறக்குமதியான பழச்சுவை மிட்டாய். பெரம்பலூர் மாவட்டம் முழுவதற்கும் மாமாதான் ஏக விநியோகஸ்தர். அறுபது அட்டைப்பெட்டி எடுத்தால் போதும். ஒரு பெட்டியில் 20 பை, ஒரு பையில் 50 மிட்டாய். பை நூறு ரூபாய். ஆக மொத்தம் 1,20,000 ரூபாய்.

"மாப்ள, நம்ம வூட்டுல நீதான் படிச்சவன். இது ஓடுமா ஓடாதா, கணக்கு போட்டுச் சொல்லு" என்றார் மாமா.

நான் போட்டேன். 60 பெருக்கல் 20 பெருக்கல் 50, அறுபதாயிரம் மிட்டாய். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்கள் தொகை 5,65,223. வகுத்தால் ஏறக்குறைய ஒன்பதரை பேருக்கு ஒரு மிட்டாய் என்று வருகிறது. "ஒம்பது பேருக்கு ஒரு மிட்டாய்தான் மாமா! ஒரே மாசத்துல வித்துடும், அடுத்த லோடு கேட்டு வையுங்க" என்றேன். மாமாவும் மறுநாளே பணத்தைக் கட்டிவிட்டார்.

வகுத்தலில் தப்பு இல்லை. எதை எதால் வகுக்க வேண்டும் என்பதில்தான் தப்பு.

மிட்டாய் ஒரு கண்ணாடி

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்வோம். நம் ஊரில் காகிதம் சுற்றிய எல்லாமே "சாக்லேட்"தான். உண்மையில் கொக்கோ சேர்ந்ததே சாக்லேட். நாம் வாயில் போட்டு உறிஞ்சும் ஆரஞ்சு மிட்டாய், புளிப்பு மிட்டாய் போன்றவை கடின மிட்டாய் வகை. சர்க்கரையையும் குளுக்கோஸ் பாகையும் தண்ணீரில் கரைத்து, ஏறக்குறைய 150 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சுகிறார்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் பெரும்பாலும் ஆவியாகி இரண்டு மூன்று சதவீதம்தான் மிஞ்சும். சற்று ஆறியதும் மாவுபோல் பிசைந்து, சிட்ரிக் அமிலம், நிறம், வாசனை சேர்த்து, கயிறாக இழுத்து, அச்சில் அழுத்தி, குளிர்ந்த காற்றில் ஆற வைத்து, காகிதம் சுற்றி விடுகிறார்கள்.

ஆறிய பிறகு அது என்ன? மெட்டீரியல் சயின்ஸ் பாடத்தில் படிகம், படிகமற்றது என்று படித்தோமே, அதில் இரண்டாவது வகை. அதாவது ஜன்னல் கண்ணாடியைப் போன்றது. மூலக்கூறுகள் வரிசையில் நிற்க நேரம் கிடைக்காமல் அப்படியே உறைந்து போன நிலை. சர்க்கரையை மட்டும் காய்ச்சினால் கொஞ்ச நாளில் மறுபடியும் படிகமாகிக் கரகரவென்று மாவு தட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் குளுக்கோஸ் பாகு.

இந்தச் சர்க்கரைக் கண்ணாடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஈரத்தைக் கண்டால் விடாது. காற்றில் ஒப்பு ஈரப்பதம் சுமார் முப்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அது சும்மா இருக்கும். அதற்கு மேலே போனால் காற்றிலிருக்கும் நீரை உறிஞ்சத் தொடங்கும். ஈரம் ஏற ஏற அது இளகும் வெப்பநிலையும் இறங்கிக்கொண்டே வரும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலிலேயே காற்று அத்தனை வறண்டு இருக்கும் நேரம் கொஞ்சம்தான். ஐப்பசி மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாமாவின் சரக்கு வந்தது அந்த ஐப்பசிக்குத்தான். வைத்தது தகரக் கொட்டகையில். மிட்டாய்க்குச் சுற்றியிருந்தது இருபக்கமும் முறுக்கிய காகிதம். கடைக்காரர்கள் பையைப் பிரித்துப் பாட்டிலில் கொட்டி வைத்த பத்தாவது நாள், காகிதமும் மிட்டாயும் ஒன்றாகிவிட்டன. "என்னாண்ணே, காகிதத்தோட சப்பச் சொல்றியா?" என்று ஒரு கடைக்காரர் மாமாவிடம் கேட்டாராம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேதியியல் ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் கெஞ்சி, தராசை வாங்கிச் சோதித்துப் பார்த்தேன். காகிதம் நீக்கிய பத்து மிட்டாய் 41.2 கிராம். ஜன்னலோரம் வைத்துவிட்டு மறுநாள் காலை நிறுத்தால் 42.1 கிராம். ஒரே ராத்திரியில் இரண்டு சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கிறது! அதற்கடுத்த நாள் நிறுக்க முடியவில்லை, கண்ணாடித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. முறுக்குக் காகிதத்தோடு வைத்த பத்து மிட்டாய் 45.0 கிராமில் இருந்து மூன்று நாளில் 45.4 ஆனது. அம்மா கடையில் இருந்து எடுத்துப்போன, மூன்று பக்கமும் சூட்டில் ஒட்டிய தலையணை உறை மிட்டாய் மூன்று நாளிலும் அசையவில்லை. தராசு முள் காட்டிய அதே இடத்தில் நின்றது.

ஆக, விற்பனைக் கணக்குப் போடுமுன் உறையைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். தலையணை உறையா, முறுக்கா என்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். வியாபாரி காட்டிய மாதிரியை நானும் வாயில் போட்டுச் சப்பினேனே தவிர, காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டேன்.

பெரம்பலூர் ஒரு நாடாக இருந்தால்

தோல்விக்குப் பிறகு இன்னொரு கணக்குப் போட ஆசை வந்தது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பில் மிகக் குறைந்த மக்கள் தொகை நம் பெரம்பலூர் மாவட்டத்துக்குத்தான். பக்கத்து அரியலூர் 7,54,894. 1995ல் திருச்சியில் இருந்து பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து அரியலூர் 2001ல் பிரிந்து, 2002ல் மறுபடி சேர்ந்து, 2007ல் மறுபடி பிரிந்தது. இது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத செய்தி ஒன்று சொல்கிறேன். நம் மாவட்டத்தளவே மக்கள் உள்ள தனி நாடு ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. அதுதான் மாலத்தீவு. 2022 கணக்கெடுப்பின்படி அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து 5,15,132 பேர்.

அங்கே கரும்பு விளையாது, சர்க்கரை ஆலை கிடையாது. ஒரு குழந்தை வாயில் போடும் மிட்டாய் கப்பலில்தான் வர வேண்டும். நம் தூத்துக்குடியில் இருந்து தோணிகளில் காய்கறி, மளிகை, கட்டுமானப் பொருள் எல்லாம் மாலேவுக்குப் போவது நெடுங்கால வழக்கம். 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி, குல்ஹுதுஃபுஷி, மாலே என்று ஒரு நேரடிச் சரக்குக் கப்பல் சேவையையும் இரு நாடுகளும் தொடங்கின.

சரி, மாலேயில் ஒரு வியாபாரி ஒரே ஒரு இருபதடி கண்டெய்னர் மிட்டாய் வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். மாமாவின் காலிப் பெட்டியை அளந்தேன், 30க்கு 22க்கு 16 சென்டிமீட்டர். இடைவெளி போகத் தாராளமாக 2,800 பெட்டி அடுக்கலாம். பெட்டிக்கு ஆயிரம் வீதம் 28 லட்சம் மிட்டாய். நாட்டு மக்கள் தலைக்கு ஐந்து மிட்டாய்க்கு மேல் வருகிறது. கைக்குழந்தை, கிழவர், சர்க்கரை நோயாளி எல்லாம் உட்பட! ஒரே சுவை, ஒரே கம்பெனி மிட்டாய். அதுவும் கெட்டுப்போவதற்குள் விற்க வேண்டும்.

அந்த நாட்டிலும் ஐந்தில் இரண்டு பங்கு மக்கள் மாலே நகரத்தில்தான் நெருங்கி வாழ்கிறார்கள். மீதிப்பேர் நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட தீவுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். அங்கெல்லாம் படகில் மறுபடி ஏற்றி இறக்க வேண்டும். காற்றோ கடற்காற்று, வருடம் முழுக்க ஈரம்.

சின்ன நாட்டுச் சந்தையின் சிக்கல் இதுதான். கண்டெய்னருக்கு நாட்டின் அளவு தெரியாது. இருபது கோடிப் பேர் உள்ள நாட்டுக்குப் போனாலும் ஐந்து லட்சம் பேர் உள்ள நாட்டுக்குப் போனாலும் அதன் உள்ளளவு 33 கன மீட்டர்தான். பாதி கண்டெய்னர் வாங்கினால் மிட்டாய் ஒன்றுக்குக் கப்பல் கூலி கூடிவிடும். அதனால் சிறு நாட்டு இறக்குமதியாளர் பலசரக்குக் கலவையாகக் கொண்டுவருவார். மிட்டாய், பிஸ்கட், நூடுல்ஸ், ஜூஸ் எல்லாம் ஒரே கண்டெய்னரில் வரும். (சோப்பை மட்டும் அதில் வைக்கக்கூடாது. மிட்டாயில் சோப்பு வாசனை ஏறிவிடும். என் அம்மாவுக்கு இது பள்ளிக்கூடம் போகாமலே தெரியும். கடையில் சோப்பு அலமாரியும் மிட்டாய்ப் பாட்டிலும் எதிரெதிர்ச் சுவரில் இருக்கும்.)

உறை அச்சடிப்பதிலும் இதே கதைதான். ஐந்து லட்சம் பேருக்கென்று தனி மொழியில் தனி உறை அச்சடிக்க எந்தக் கம்பெனியும் சம்மதிக்காது. பெரிய நாட்டுக்கு அச்சடித்ததன் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி வரும். போதாததற்கு அந்நியச் செலாவணி என்று ஒன்று இருக்கிறது. 2022 ஆகஸ்டில் டாலர் தட்டுப்பாட்டால் இலங்கை அரசு சாக்லேட் உட்பட 300 வகை நுகர்பொருள் இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது நினைவிருக்கலாம். ஆர்டர் கொடுத்து முன்பணம் கட்டிய சின்ன வியாபாரிகளின் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

பெட்டியில் வந்ததும் கம்பெனியாக வந்ததும்

இந்தியாவுக்குள் வெளிநாட்டு மிட்டாய் வந்த கதையே வேறு. நுகர்பொருள் இறக்குமதிக்கு நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்தது. வெளிநாட்டில் இருந்து வருகிறவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. இல்லையென்றால் சென்னை பர்மா பஜார். பர்மாவில் இருந்து திரும்பி வந்த நம் மக்களுக்காக 1969ல் ஏற்பட்ட கடைவீதி அது. 2001 ஏப்ரல் 1ம் தேதிதான் கடைசி 715 பொருள்கள் மீதிருந்த அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் உரிமம் பெற்று, வரி கட்டிக் கொண்டுவரலாம்.

ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? பெரிய கம்பெனிகள் நமக்கு மிட்டாயைக் கப்பலில் அனுப்பவில்லை. இத்தாலியின் பெர்ஃபெட்டி 1994ல் இந்தியாவுக்கு வந்து இங்கேயே தொழிற்சாலை போட்டது. ஆல்பென்லீபே இங்கேயே காய்ச்சியதுதான். சென்னைக்கு அருகிலும் அவர்களுக்கு ஆலை இருக்கிறது. கொரியாவின் லோட்டே 2004ல் பாரீஸ் மிட்டாய்க் கம்பெனியையே விலைக்கு வாங்கியது. காஃபி பைட், லாக்டோ கிங் எல்லாம் அந்தக் கம்பெனியுடையவை. அதன் பழைய ஆலை நமக்குப் பக்கத்துக் கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தில் 1914ல் தொடங்கியது. சித்தூர் நியூட்ரின் கம்பெனியை 2006ல் கோத்ரெஜ் வாங்கியது. இத்தனை பெரிய சந்தையில் கப்பல் கூலியும் சுங்க வரியும் கொடுத்து ஒரு ரூபாய் மிட்டாய் விற்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

இறக்குமதிச் சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். முதலில் அயல் வர்த்தக இயக்ககத்திடம் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமமும் வேண்டும். சரக்கு துறைமுகத்துக்கு வந்ததும் ஆணைய அதிகாரிகள் பார்த்து, மாதிரி எடுத்துச் சோதித்து, தடையில்லை என்ற பிறகே வெளியே வரும். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, உரிம எண், சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, அதிகபட்ச விலை எல்லாம் பையின் மேல் இருக்க வேண்டும். பத்து கிராமுக்கு உட்பட்ட தனி மிட்டாய்க்கு எடை, விலை அச்சிடுவதில் இருந்து சட்டமுறை எடையளவு விதிகளில் விலக்கு உண்டு.

மாமாவைக் கவிழ்த்தது இதில் வேறொரு விதி. சுங்கத்தில் இருந்து வெளியே வரும் நாளில் ஆயுளில் அறுபது சதவீதமோ அல்லது காலாவதிக்கு மூன்று மாதமோ, இரண்டில் எது குறைவோ அது மிச்சமிருந்தால் போதும் என்கிறது 2017ம் ஆண்டு இறக்குமதி ஒழுங்குமுறை. மாமா கைக்கு வரும்போது ஐந்து மாதம் பாக்கி இருந்தது. சட்டப்படி சரியான சரக்கு, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பெரிய நகரத்தில் ஐந்து மாதத்தில் விற்றுவிடுவார்கள். மொபெட்டில் ஊர் ஊராகப் போய் விற்கும் ஓர் ஆளுக்கு ஐந்து மாதம் போதாது. மலிவாகக் கொடுத்ததன் காரணமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்த தேதியை நாங்கள் படித்தது, பணம் கட்டிய பிறகு.

மூன்றரை ரூபாய் நாணயம்

ஆனால் எங்களை உண்மையில் தோற்கடித்தது மழையும் தேதியும் மட்டும் இல்லை. விலைதான்.

பையின் அதிகபட்ச விலை 175 ரூபாய். ஐம்பது மிட்டாய். ஒன்று மூன்றரை ரூபாய். மூன்றரை ரூபாய்க்கு ஏது நாணயம்? 25 காசு 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது. 50 காசு சட்டப்படி செல்லும், ஆனால் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நீட்டிப் பாருங்கள், தெரியும். ஆகவே மிட்டாய் என்றால் ஒரு ரூபாய், இல்லையேல் இரண்டு, இல்லையேல் ஐந்து. நடுவில் எதுவும் கிடையாது. கம்பெனிக்காரர்கள் சர்க்கரை விலை ஏறினால் மிட்டாயின் விலையை ஏற்றுவதில்லை, எடையைக் குறைக்கிறார்கள். மிட்டாய் வியாபாரத்தில் விலை மாறிலி, எடைதான் மாறி. நம் சமன்பாடுகளில் பழகியதற்கு நேர் எதிர்!

கடைக்காரர் பக்கம் இருந்து பாருங்கள். மாமா பையை 130 ரூபாய்க்குப் போட்டார். கடைக்காரர் மிட்டாயை மூன்று ரூபாய்க்கு விற்றால் 150 வரும், இருபது ரூபாய் லாபம். அதில் மூன்று மிட்டாய் ஒட்டிப்போனால் ஒன்பது ரூபாய் போச்சு. அம்மா கடையில் ஒரு ரூபாய் மிட்டாய் டப்பா 200 எண்ணம் 160 ரூபாய். நாற்பது ரூபாய் லாபம், முதலில் நாலில் ஒரு பங்கு. ஒட்டாது, கம்பெனி வண்டி வந்து போட்டுவிட்டுப் போகும். இதை விட்டுவிட்டு எந்தக் கடைக்காரர் மாமாவின் மிட்டாயை எடுப்பார்? நான் வகுத்தது மக்கள் தொகையால். வகுத்திருக்க வேண்டியது கடைகளால். மாமா ஏறி இறங்கிய கடைகள் 140. மறுமுறை கேட்ட கடைகள் 31.

விலையையும் சுவையையும் சரியாகப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015ல் வந்த பல்ஸ் மிட்டாய் ஒரு பாடம். மாங்காய்ப் புளிப்பு, நடுவில் உப்பும் மசாலாவும் கலந்த தூள், விலை ஒரு ரூபாய். எட்டு மாதத்தில் நூறு கோடி ரூபாய் விற்பனை என்று பத்திரிகைகள் எழுதின. மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பதை யாரும் நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத்தான் மிட்டாய்க்குள் வைத்தார்கள்.

இப்போது வேறொரு மாற்றமும் வந்திருக்கிறது. முன்பு சில்லறை இல்லாவிட்டால் இரண்டு மிட்டாயை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். கியூ.ஆர். அட்டை வந்த பிறகு பதினேழு ரூபாய் என்றால் பதினேழு ரூபாய்தான் அனுப்புகிறார்கள். "சில்லறைக்கு மிட்டாய் போற காலம் போச்சுடா, இப்ப புள்ளைங்க கேட்டாத்தான் மிட்டாய்" என்கிறார் அம்மா. மாதம் ஆறு டப்பா போன இடத்தில் இப்போது மூன்றுதான் போகிறதாம். 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை மிட்டாய்க்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் ஒரு ரூபாய் மிட்டாய் ஒரு ரூபாயாகவே இருக்கிறது. தொண்ணூற்றைந்து காசுக்கு யாரால் கொடுக்க முடியும்?

மறுமுறை கேட்ட 31 கடைகள்

இந்த 31 கடைகளைத்தான் நான் பிறகு உட்கார்ந்து ஆராய்ந்தேன். மாமா ஒரு நாற்பது பக்க நோட்டில் கடை, ஊர், தேதி எல்லாம் எழுதி வைத்திருந்தார். அதில் 19 கடைகள் லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் இருந்தன. இரண்டு ஊரிலும் வீட்டுக்கு வீடு வளைகுடா நாட்டிலோ மலேசியா, சிங்கப்பூரிலோ ஆள் இருக்கும். அங்கே மிட்டாயை ஒன்றிரண்டாக வாங்கவில்லை. பையோடு வாங்கினார்கள். ஊரில் இருந்து யாரும் வராத மாதத்திலும் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க "வெளிநாட்டு மிட்டாய்" வேண்டும். பை பிரிக்காமல் போனதால் ஒட்டிக்கொண்ட புகாரும் அங்கிருந்து வரவில்லை. மூன்றரை ரூபாய்ச் சிக்கலும் இல்லை, 170 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மாமாவின் சந்தை 5,65,223 பேர் உள்ள பெரம்பலூர் மாவட்டம் அல்ல. இந்த இரண்டு ஊரும் அவை போன்ற நாலைந்து ஊரும்தான். பத்துப் பெட்டி எடுத்து, இந்த ஊர்களுக்கு மட்டும் போட்டு, தீர்ந்தபின் மறுபடி எடுத்திருந்தால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். அரியலூர், செந்துறைப் பக்கம் சிமெண்ட் லாரி நிற்கும் டீக்கடைகளுக்குப் போய்வந்த பெட்ரோல் எல்லாம் வீண். ஓட்டுநர்கள் தூக்கம் வராமல் இருக்கக் காப்பி மிட்டாய் கேட்டார்களே தவிரப் பழச்சுவை கேட்கவில்லை.

முழுக் கணக்கு இதோ. கடைகளுக்குப் போட்டது 460 பை, ஒட்டிப்போய்த் திரும்பியது 70. மிச்சம் 390 பை, பை 130 வீதம் 50,700 ரூபாய். காலாவதி நெருங்கியபோது ஒரு மொத்த வியாபாரியிடம் 500 பையை நாற்பது ரூபாய்க்குத் தள்ளியது 20,000. வரவு 70,700. செலவு சரக்குக்கு 1,20,000, லோடு ஆட்டோவுக்கும் பெட்ரோலுக்கும் 9,000. நஷ்டம் 58,300. மீதமிருந்த 310 பையைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தோம். ஒரு வாரம் அந்தப் பக்கம் கால் வைக்க முடியவில்லை, அத்தனை எறும்பு.

மாமா என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நீ என்னா மாப்ள பண்ணுவ, கணக்கு சரியாத்தான் இருந்துச்சு" என்று அவரே சமாதானம் சொன்னார்.

இந்த வேலையில் தட்டுப்பட்ட இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். கடின மிட்டாய்க்கு வேண்டிய முக்கியப் பொருள் இரண்டுதான். ஒன்று சர்க்கரை. நம் எறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலை இருக்கிறது, அப்பா வெட்டும் கரும்பு அங்கேதான் போகிறது. இன்னொன்று குளுக்கோஸ் பாகு. அது மக்காச்சோள மாவுச்சத்தில் இருந்து எடுப்பது. மக்காச்சோளத்தில் தமிழ்நாட்டின் முன்னணி மாவட்டங்களில் ஒன்று நம் பெரம்பலூர். நம் சோளம் பெரும்பாலும் லாரியேறி நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போய்விடுகிறது. இரண்டும் இங்கேயே விளைய, மிட்டாய் மட்டும் கடல் தாண்டி வந்து எங்கள் தகரக் கொட்டகையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

ஆலை வைக்கலாமே என்று உடனே கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். வெற்றிடத்தில் காய்ச்சும் கொப்பரை, கயிறு இழுக்கும் எந்திரம், சுழலும் அச்சு, குளிர்காற்றுச் சுரங்கம், தலையணை உறை எந்திரம், ஈரம் நீக்கிய அறை என்று பட்டியல் நீள்கிறது. இதில் சுழலும் அச்சின் படத்தை மட்டும் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன், இறுதியாண்டு புராஜெக்டுக்காக. வழிகாட்டும் ஆசிரியர் இன்னும் ஒப்புதல் தரவில்லை. "முதல்ல ஒரு மிட்டாய அளந்து கொண்டாப்பா" என்றார். வெர்னியரில் அளந்து கொடுத்திருக்கிறேன்.

மாமா இப்போது ஒரு பிஸ்கட் கம்பெனியின் வண்டியில் வேப்பந்தட்டை, அரும்பாவூர் லைனுக்குச் சரக்குப் போடுகிறார். சென்ற மாதம் ஒரு புது மிட்டாய்க்காரர் அவரிடம் ஏஜென்சி பேச வந்திருக்கிறார். மாமா அவரிடம் ஒரு மிட்டாயை வாங்கி, காகிதத்தைப் பிரித்துத் திருப்பிப் பார்த்து, தேதியைப் படித்துவிட்டு, எனக்குப் போன் செய்தார். "மாப்ள, உறை ஒட்டுனதுதான், எட்டு மாசம் இருக்கு, ஒரு ரூவா. எத்தன கடைன்னு எழுதட்டும்?" என்றார். நான் லெப்பைக்குடிக்காட்டை விட்டுவிட்டு வேப்பந்தட்டை லைனில் உள்ள பெட்டிக்கடைகளை மட்டும் எண்ணி வரச் சொன்னேன். எண்ணிக்கொண்டிருக்கிறார்.

எடைச் சோதனையின் அட்டவணையும் மாமாவின் நோட்டும் என்னிடம் இருக்கின்றன. பார்க்க விரும்பும் நண்பர்கள் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு மதிய இடைவேளையில் வரலாம். தராசு மட்டும் கேட்காதீர்கள், ஆய்வக அண்ணன் என் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.